ஒட்டவைத்த கோப்பை

என் தம்பி ரூஃபஸைப் புதைக்க ஆறடி மண் கேட்டுத்தான் அன்று லாமோத் மாளிகைக்குப் போனேன். பிச்சை கேட்கப் போகவில்லை. எங்கள் அம்மா படுத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவனையும் படுக்கவைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த இடம் மாளிகைக்குப் பின்னால், சான்டீ ஆற்றை ஒட்டிய காட்டுக்குள் இருக்கிறது. அடிமைக் காலத்திலிருந்து எங்கள் ஆட்களை அங்கேதான் புதைக்கிறோம். காட்டுக்குப் போகிற ஒரே வழியில் ஓர் இரும்புக் கதவு. அதன் சாவி அடேர் லாமோத்தின் இடுப்பில் தொங்கும்.

என் பெயரும் லாமோத்தான். வெர்டெல் லாமோத், ரூஃபஸின் அக்கா. அவள் வெள்ளை லாமோத், நான் கறுப்பு லாமோத். இரண்டு நிறத்துக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடுமே என்ற பயம்.

ஏப்ரல் மாதத்து ஞாயிறு, முற்பகல். ஓக் மரங்களிலிருந்து சாம்பல் நிறப் பாசி தொங்கிக்கொண்டிருந்தது, ஓர் இழைகூட அசையவில்லை. சார்ல்ஸ்டனிலிருந்து வந்த கார்கள் புல்வெளி முழுக்க நின்றன. மூதாதை ஏலி லாமோத்தின் நினைவு நாள் அது. பிரான்ஸிலிருந்து உயிர் தப்பி வந்து இந்தக் காட்டை வெட்டிக் குடியேறிய ஹியூகனாட், அதாவது பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட் அவர். வருஷத்தில் ஒரு நாள் அவருடைய வாரிசுகள் கூடி, சிறிய செங்கல் தேவாலயத்தில் பிரெஞ்சு மொழியில் சங்கீதம் பாடுவார்கள். ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாது என்பது வேறு கதை.

இத்தனை வயதாகியும் என் கால் தானாகப் பின்வாசலுக்குத்தான் திரும்பியது. அதற்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி நடந்து முன்வாசல் படியேறினேன்.

அடேர் கூடத்தில் பூச்சாடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் அவளுக்கு. சிறு வயதில் ஒரே ஆற்றில் நண்டு பிடித்தவர்கள் நாங்கள். ஆனாலும் அவள் எனக்கு மிஸ் அடேர், நான் அவளுக்கு வெறும் வெர்டெல்.

"வா வெர்டெல், வா. ரூஃபஸ் விஷயம் கேள்விப்பட்டேன். பாவம், தங்கமான மனுஷன். ஒரு கேக் குடுத்தனுப்பணும்னு இருந்தேன், இந்த விழா அமளியில மறந்தே போச்சு."

"கேக் எல்லாம் வேணாங்க மிஸ் அடேர். கேட் சாவிதான் வேணும். நாளைக்குக் காலையில அடக்கம்."

அவள் ஒரு பூவை எடுத்தாள், அதைச் செருகினாள், மறுபடி உருவினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது வந்து... இப்ப அங்க போக முடியாதும்மா. கார் நிறுத்த எடம் பத்தலன்னு காட்டைக் கொஞ்சம் ஒதுக்கச் சொன்னேன். போன மாசம் மெஷின் வந்துட்டுப் போச்சு."

"எது வரைக்குங்க?"

"ஆத்தங்கரை வரைக்கும்."

நான் அவள் முன்னால் போய் நின்றேன்.

"அங்க கல்லறை இருக்குதுங்க. எங்கம்மா இருக்காங்க."

"கல்லறைன்னு எப்படித் தெரியும் வெர்டெல்? பேரு எழுதின கல்லு ஒண்ணாவது இருந்தா மெஷின்காரன் நிறுத்தியிருப்பான்ல? சும்மா சிப்பியும் ஒடஞ்ச தட்டும் கெடந்துச்சாம். குப்பைன்னு நெனச்சுட்டான்."

குப்பை!

எங்கள் ஆட்கள் கல் நடுவதில்லை. செத்தவர் கடைசியாகக் குடித்த கோப்பையை, கடைசியாகச் சாப்பிட்ட தட்டை, அடியில் ஓட்டை போட்டோ விளிம்பை உடைத்தோ மண்மேல் வைப்போம். சுற்றி வெள்ளைச் சிப்பி பதிப்போம். உடைத்து வைப்பதற்குக் காரணம் உண்டு. உடைத்தால்தான் சாவுச் சங்கிலி அறும். முழுசாக வைத்தால் செத்தவர் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, வீட்டில் அடுத்த ஆளைத் தேடுவார். பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட எங்களிடம் இது தெரியும். வருஷம் தவறாமல் ரூஃபஸ் போய் அந்த இடத்தைச் சுத்தம் செய்வான். அவன் படுத்த படுக்கையான பிறகு யாரும் போகவில்லை. அந்த நேரம் பார்த்து மெஷினை விட்டிருக்கிறாள்.

"கோவிச்சுக்காதே. குப்பையிலயும் ஒரு மாணிக்கம் கெடச்சுது, பாரு."

கண்ணாடி அலமாரியைத் திறந்து, வெல்வெட் துணியில் இருந்த ஒரு மண்கோப்பையை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

கையால் பிசைந்து செய்த கோப்பை. கருத்த பழுப்பு நிறம். அடிப்பக்கம் வட்டத்துக்குள் ஒரு சிலுவைக் கீறல். அதன் நடுவே கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இருந்த ஓட்டையைப் பசை வைத்து நிரப்பி, தேய்த்து, அதே நிறத்தில் சாயமும் பூசியிருந்தார்கள்.

சின்ன வயதில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆற்றோரச் சைப்ரஸ் மரத்தடியில் இந்தக் கீறலைக் காட்டியிருக்கிறாள். தொடக்கூடாது, பார்க்க மட்டும்தான்.

"அடியில சிலுவை பார்த்தியா? ஏலி தாத்தா பிரான்ஸ்லேர்ந்து ஒளிச்சுக் கொண்டாந்த ராப்போஜனக் கோப்பை இது," என்றாள் அடேர். அவள் கண் கலங்கியே போயிற்று. "சார்ல்ஸ்டன்ல ஆள் வச்சு ஒட்டினேன். சொட்டுத் தண்ணி ஒழுகாது. இன்னைக்கு இதுலதான் எல்லாருக்கும் திராட்சரசம்."

"மிஸ் அடேர், அது உங்க ஏலியோடது இல்லீங்க. பைனாவோட கோப்பை. அவ சமாதி மேல இருந்தது. ஒடச்சு வச்சதை ஒட்டவச்சிருக்கீங்க. அதுல வாய் வைக்காதீங்க. ஓட்டையைப் பழையபடி எடுத்துட்டு எங்கிட்ட குடுங்க, நான் கொண்டுபோய் வச்சுடறேன்."

அவள் சிரித்தாள். என் தம்பி பிணமாகக் கிடக்கிறான், என் தாய் எந்தச் சேற்றுக்கடியில் இருக்கிறாள் என்று தெரியவில்லை, இவள் சிரிக்கிறாள்.

"உங்கம்மாவும் இப்படித்தான், பேய்க் கதை சொல்றதுல கெட்டிக்காரி. சரி, சாவி விஷயம் விழா முடிஞ்சு சாயங்காலம் பேசிக்கலாம். விருந்தாளிங்க இருக்கறப்ப சவ வண்டி அது இதுன்னு பேச வேணாமே. அது வரைக்கும் சமையல்கட்டுல கொஞ்சம் கை குடேன் வெர்டெல். ஆள் பத்தல."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதை இவ்வளவு இனிக்க இனிக்கச் செய்ய இவர்களால்தான் முடியும். நான் சமையல்கட்டுக்குப் போகவில்லை. கூடத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சாவி கிடைக்காமல் நகர்வதில்லை என்று முடிவு. அவள் கோப்பையை மேஜைமேல் பூச்சாடிகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, வந்தவர்களை வரவேற்கப் போனாள்.

கூடத்தில் நானும் கோப்பையும்தான்.

வெளியே சிரிப்புச் சத்தம், கார்க் கதவுச் சத்தம், இறால் வதங்கும் வாசனை. உள்ளே மெழுகு வாசனை. அதற்குக் கீழே மெல்ல வேறொரு வாசனை எழுந்தது. ஆற்றுச் சேறு. மழை விட்ட பிறகு நெல் வயலில் கிளம்புகிற நாற்றம்.

பக்கத்துச் சாடியில் ரோஜாக்கள் தலை தொங்கின.

இப்போதுதான் அடுக்கி வைத்த பூக்கள். எழுந்து போய்ச் சாடிக்குள் விரல் விட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. அடுத்த சாடியும் அப்படியே. அதற்கடுத்ததும். ஒன்றிலும் ஒரு துளி இல்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. தொண்டை தண்ணீரை விழுங்கப் பார்க்கிறது, முடியவில்லை. மறுபடி பார்க்கிறது. மிக அருகில்.

"பைனா?" என்றேன் மெதுவாக.

சத்தம் நின்றது.

கோப்பையை எடுக்கக் கை நீட்டினேன். அதற்குள் அடேர் வந்து, தன் பேத்தி மார்கோவின் கையில் அதைக் கொடுத்துவிட்டாள். ஒன்பது வயதுப் பெண் குழந்தை, வெள்ளைச் சட்டை போட்டு, கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் நடந்தது. நான் பின்னாலேயே ஓடினேன்.

தேவாலய வாசலில் மறுபடி சொன்னேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். "மிஸ் அடேர், கையெடுத்துக் கும்பிடறேன், அந்தப் பிள்ளை வாயிலயாவது அதை வைக்காதீங்க."

"வெர்டெல்," என்றாள் பல்லைக் கடித்தபடி, "தம்பி போன துக்கத்துல பேசறேன்னு விடறேன். ஓரமா நில்லு."

ஓரமாகவே நின்றேன். வாசற்படியில்.

போதகர் பிரசங்கம் தொடங்கினார். வருஷா வருஷம் அதே பிரசங்கம்தான். வேறு விதமாக ஜெபித்த ஒரே குற்றத்துக்காக ராஜாவின் சிப்பாய்கள் ஏலியின் வீட்டுக்குள் புகுந்தார்கள். அவருடைய சின்ன மகள் எஸ்தரைத் தூக்கிக்கொண்டு போய்க் கன்னிமடத்தில் அடைத்தார்கள். ஏலி ஒயின் பீப்பாய்க்குள் ஒளிந்து கப்பலேறினார். அந்தப் பிள்ளையைப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. சாகும் வரை எஸ்தர், எஸ்தர் என்று அழுதார். இந்த இடத்தில் எல்லாரும் கைக்குட்டையை எடுப்பார்கள். அன்றும் எடுத்தார்கள்.

எஸ்தர் பச்சைக் குழந்தை. அவளுக்காக எனக்கும் வருத்தம்தான். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஏலியின் நெல் வயலில் பைனா என்று ஓர் அடிமைப் பெண் இருந்தாள். அவளுக்கும் ஒரு சின்ன மகள், ஹாகர். இந்தத் தேவாலயத்துக்குச் செங்கல் வாங்க அந்தப் பிள்ளையை ஏலி விற்றார். படகு ஆற்றில் இறங்கிப் போகும்போது பைனா கரையோடு ஓடினாளாம். தேவாலயம் கட்டி முடிந்த முதல் ஞாயிறு, இதோ நான் நிற்கிற இதே வாசலில், எல்லார் முன்னாலும் அவரை நிறுத்திக் கேட்டாள். "உங்க பொண்ணைப் புடுங்கிட்டுப் போனப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு? எனக்கும் அப்படித்தாங்க இருக்கு. எம்பொண்ணைத் திருப்பிக் குடுங்க."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஏலி அவள் வாயில் இரும்பு மாட்டினார். நாக்கை அழுத்தும் தகடு, காது வரை இழுத்துக் கட்டும் பட்டை. ஆற்றோரச் சைப்ரஸ் மரத்தில், தண்ணீர் கண்ணில் படுகிற தூரத்தில் கட்டிப்போட்டார். இரும்பைக் கழற்றியபோது எங்கள் ஆட்கள் இந்தக் கோப்பையில்தான் தண்ணீர் கொடுத்தார்கள். அவளால் விழுங்க முடியவில்லை. வாயில் விட்டது அத்தனையும் வெளியே வழிந்தது. அப்படியே போய்விட்டாள்.

அவளுக்கு இன்னொரு பிள்ளையும் இருந்தான். அவனுக்கு அப்பன் ஏலி. அவன் வழியில் வந்தவர்கள்தான் நாங்கள்.

கோப்பை கைமாறியது. அடேர் முதலில் குடித்தாள். பிறகு அவள் மகன், மருமகள், மார்கோ. வரிசை வரிசையாக ஆளுக்கு ஒரு வாய். கடைசி வரிசைக்குப் போகும்போதும் கோப்பை நிரம்பியே இருந்ததை நான் பார்த்தேன்.

தேவாலயத்துக்குள் சேற்று வாசனை அடர்ந்தது. வெளியே பூச்சிகளின் இரைச்சல் சட்டென்று அடங்கியது.

போதகர் கைகளை உயர்த்தினார். எல்லாரும் எழுந்து பிரெஞ்சுச் சங்கீதத்துக்கு வாய் திறந்தார்கள்.

சத்தம் வரவில்லை.

அத்தனை வாய்களும் திறந்திருந்தன. நாக்கு அசையவில்லை.

அடேர் என் பக்கம் திரும்பினாள். அவள் வாயின் இரண்டு ஓரங்களும் பின்னுக்கு இழுபட்டிருந்தன. கன்னத்தில் இரண்டு சிவந்த கோடுகள், உதட்டிலிருந்து காது வரை, ஒரு விரல் அகலத்துக்கு. எதுவும் மாட்டியிருக்கவில்லை. ஆனால் தோல் அழுந்திக் குழிந்துகொண்டே போனது.

எல்லார் முகத்திலும் அதே கோடுகள்.

யாரோ தண்ணீர்க் கூஜாவைத் தூக்கினார்கள். காலி. ஞானஸ்நானத் தொட்டி காய்ந்து வெடித்திருந்தது. சிலர் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு ஆற்றுக்கு ஓடினார்கள். மண்டியிட்டு அள்ளி அள்ளி வாயில் ஊற்றினார்கள். ஊற்றியதெல்லாம் மார்பில் வழிந்தது.

கோப்பை தரையில் நின்றிருந்தது. நான் உள்ளே போய் எடுத்தேன்.

அடேர் தவழ்ந்து வந்து என் பாவாடையைப் பிடித்தாள். இடுப்புச் சாவியை அவிழ்த்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். கேட்டது கிடைத்துவிட்டது. கோப்பையை உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை.

"பேரைச் சொல்லு," என்றேன். நீ என்று அவளைப் பேசியது அதுதான் முதல் தடவை. "ஏலி, எஸ்தர்னு வருஷா வருஷம் அழுதீங்கல்ல? இப்பச் சொல்லு. பைனா. ஹாகர். எங்கம்மா பேரு தெரியுமாடி உனக்கு? அதைச் சொல்லு!"

அவள் தொண்டை ஏறி இறங்கியது. கண் பிதுங்கியது. அவளால் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். அப்படியே நின்று பார்த்தேன். நன்றாக இருந்தது, பொய் சொல்வானேன்?

அப்போது என் தோளில் ஒரு கை விழுந்தது.

ஆண் கை. கனமான, வெதுவெதுப்பான கை. புகையிலையும் நெல் உமியும் கலந்த வாசனை. காதோரம் திருப்தியாக ஒரு பெருமூச்சு. பிறகு எனக்குப் புரியாத அந்தப் பிரெஞ்சில் இரண்டு வார்த்தை, மிகவும் அன்பாக. தன் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற தகப்பன் மாதிரி.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த ரத்தம் என் உடம்பிலும்தானே ஓடுகிறது.

அடேருக்குப் பின்னால் மார்கோ தரையில் உட்கார்ந்து, தொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எடுடா கையை," என்றேன்.

கோப்பையை ஓங்கிச் செங்கல் தரையில் அடித்தேன். யார் மேலும் இரங்கி உடைத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கையை உதறத்தான் உடைத்தேன்.

தோள் லேசானது. உள்ளே ஒரே நேரத்தில் இருமல், அழுகை, கூச்சல். வெளியே பூச்சிகள் மறுபடி இரைந்தன. மார்கோ ஓவென்று அழுதது. அந்த அழுகையைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடேர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உதட்டோரத்தில் ரத்தம். தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். கரகரத்த குரலில் முதல் வார்த்தை வந்தது.

"ஒடச்சிட்டியே வெர்டெல்! முந்நூறு வருஷத்துக் கோப்பை!"

இவர்களை என்ன சொல்லித் திட்டுவது? துண்டுகளைப் பொறுக்கி என் பாவாடை மடியில் கட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை ரூஃபஸைக் கொண்டுபோனோம். காடு முழுக்க மெஷின் சக்கரத் தடம். அம்மா எங்கே இருக்கிறாள் என்று குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடிந்தது. சைப்ரஸ் மரத்தின் அடிக்கட்டையிலிருந்து பார்த்துப் பார்த்து ஓரிடத்தில் தோண்டினோம். ரூஃபஸ் கடைசியாகக் காபி குடித்த நீலக் குவளையை நானே சுத்தியலால் அடித்து ஓட்டை போட்டு அவன் தலைமாட்டில் வைத்தேன். பைனாவின் துண்டுகளை அடிக்கட்டைக்குக் கீழே பரப்பிச் சுற்றிச் சிப்பி பதித்தோம். எங்கள் பாட்டை எங்கள் மொழியில் பாடினோம். அடேரின் மகனும் மருமகளும் மார்கோவைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே சார்ல்ஸ்டன் போய்விட்டதாக ஊரில் சொன்னார்கள். அடேர் மட்டும் மாளிகையில் தனியாக இருந்தாள்.

அடுத்த ஞாயிறு, பூ வைக்கலாம் என்று போனேன். சாவி இப்போது என் இடுப்பில்.

ரூஃபஸின் குவளை உடைந்தபடி, வைத்த இடத்தில் இருந்தது.

பைனாவின் துண்டுகள் இல்லை.

ஒன்றுகூட இல்லை. சிப்பிகளை ஒதுக்கி, மண்ணைக் கிளறி, சின்னச் சில்லு வரை பொறுக்கி எடுத்திருந்தார்கள். ஈர மண்ணில் குதிகால் வைத்த செருப்புத் தடம், ஒரு பெண்ணுடையது. அது ஓர் ஆள் மட்டும் நுழைகிற வேலி இடுக்கு வழியாக மாளிகைப் பக்கம் போயிருந்தது. மறுபடி ஒட்டவைக்க எடுத்துப் போயிருக்கிறாள்.

அந்தச் செருப்புத் தடத்தின் மேலேயே இன்னொரு தடம் இருந்தது. வெறுங்கால். ஒவ்வொரு அடியிலும் தண்ணீர் தேங்கியிருந்தது. அதுவும் மாளிகைப் பக்கம்தான் போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

வெட்டிய காட்டுக்கு அப்பால் மாளிகை தெரிந்தது. பட்டப்பகலில் எல்லாச் சன்னல்களும் சாத்தியிருந்தன. கொஞ்ச நேரம் நின்று காது கொடுத்தேன். ஆற்றுச் சத்தத்துக்கு நடுவே, எங்கிருந்தோ, விழுங்கப் பார்த்து முடியாமல் போகிற அந்தத் தொண்டைச் சத்தம் கேட்டது. ஒன்று இல்லை, இரண்டு தொண்டைகள்.

என் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அங்கே எந்தக் கையும் இல்லை.

ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியாயிற்று. கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.